இரண்டாவது நடை

டிரெக்டர் பெட்டியின் மேல் நின்று பார்த்தால்
நுவரெலியா சின்ன ஊர்தான்.
ஏப்ரலில் மட்டும்
மூடி பூட்ட முடியாத பெட்டி.

வாவியைச் சுற்றி மூன்று வரிசை வேன்கள்.
குளிருக்காக மலை ஏறி வந்தவர்கள்
அறைக்குப் போனதும் ஹீட்டர் கேட்கிறார்கள்.

தயாவன்ச அய்யா ஓட்டுவார்.
நானும் தவசீலனும் மேலே.
கையுறை ஒரு சோடி.
வலது எனக்கு, இடது அவனுக்கு.

பையைத் தூக்கும்போதே சொல்லிவிடுவேன்,
எந்த வீட்டுப் பை என்று.
கண்ணாடி குலுங்கினால் வாடகை பங்களா.
கோழி எலும்பின் கனம் என்றால் கல்யாண மண்டபம்.
ஒன்றுமே கனக்காமல் கைகொள்ளாமல் இருந்தால்
ரெஜிபோம்,
முழுக்க ரெஜிபோம்.

நான் இருக்கும் லயத்தில்
இருபத்துநாலு காம்பரா, நூற்றுப்பத்துப் பேர்.
கிழமைக்கு ஒரு உரப்பை நிறையும்,
அதிலும் பாதி அடுப்புச் சாம்பல்.
மாநகர சபை வண்டி அங்கே வராது.
வண்டிக்காரன் மட்டும் வருவான்,
இரவில், தூங்குவதற்கு.

போன மாதம் மண்டபத்தில் ஒரு கூட்டம்.
திரையில் ஒரு கோடு
அட்டை மாதிரி வளைந்து வளைந்து மேலே போனது.
சனத்தொகை என்றார் வந்தவர்.
லயங்களில் பிள்ளைகள் அதிகம் என்று சொல்லும்போது
சுவரோரம் நின்ற எங்களைப் பார்த்தார்.
எனக்கு மூன்று பிள்ளைகள்.
அந்தக் கோட்டில் அவர்கள் எங்கே என்று தேடினேன்,
அதற்குள் படம் மாறிவிட்டது.
பிறகு ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், ஒரு கேக் பெட்டி.
கூட்டத்துக்கு வந்தவர்கள் எழுபது பேர்.
நான் பொறுக்கிய பெட்டி
நூற்று நாற்பது.

நானும் சுத்தமில்லை.
ஷாம்பு எங்கள் வீட்டுக்குப் பக்கற்றில்தான் வருகிறது,
தேயிலைத்தூளும் அப்படித்தான், மிளகாய்த்தூளும்.
பெரிய போத்தல் வாங்கக் காசில்லாதவனின் குப்பை
சின்னச் சின்னதாய்ப் பெருகும்.
பீலிக்கரைக் கல்லிடுக்கில் மினுங்குவதெல்லாம்
எங்கள் தலைமுடி கழுவிய வெள்ளிதான்.

இன்றைக்கு இரண்டாவது நடை,
வாவிக்கு மேலே உள்ள ஹோட்டல்.
ஒரு பை கிழிந்து முழங்கால் வரை கொட்டியது.
தேயிலை.
இன்னும் சூடாக, முக்கோண வலைப் பைகளில்.
ஒவ்வொன்றிலும் நூல், நூலில் ஓர் அட்டை,
அட்டையில் கூடையோடு ஒரு பெண்
எல்லாப் பல்லும் தெரிய.
யாரென்று தெரியவில்லை.
அவள் நிற்கும் மலை தெரியும்.
என் தங்கச்சி தவமலர் பேர் போடும் ஏழாம் நம்பர் மலை.
கீழே மண் சரிந்த இடத்துக்கு முன்னால்
படத்தை வெட்டிவிட்டார்கள்.

இங்கே கிள்ளிய கொழுந்து
கொழும்புக்குப் போய், கப்பலேறி,
எங்கோ பை போட்டுக்கொண்டு
திரும்ப இங்கேயே வந்திருக்கிறது,
மூன்று நிமிடம் வெந்நீரில் இருக்க.

மேட்டில் கொட்டினோம்.
மரை ஒன்று வந்து
லஞ்ச் ஷீட்டை நாக்கால் பிரித்தது.
தயாவன்ச அய்யா ஹோர்ன் அடித்தார்.
அது நிமிர்ந்து பார்த்தது,
பந்தியில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது போல.
மறுபடி குனிந்துகொண்டது.

தேயிலையை மட்டும் இரண்டு சாக்கில் அள்ளி வந்தேன்,
லீக்ஸ் பாத்திக்கு.
கை கழுவப் போனால் பீலி சுண்டுவிரல் கனம்.
மேலே மூன்று புது ஹோட்டல், மூன்று குழாய்க் கிணறு.
ஏழு வாளிக்குப் பின்னால் நின்றேன்.

இரவு பிள்ளைகளோடு உட்கார்ந்து
பிளேடால் ஒவ்வொரு பையாகக் கீறினோம்.
இலை ஒரு பக்கம்.
நூல் ஒரு பக்கம்; சின்னவள் பட்டத்துக்குக் கேட்டாள்.
சிரிக்கிற பெண்களை மூத்தவன் அடுக்கினான்,
நானூறுக்கு மேல் எண்ணிவிட்டுத் தூங்கிப்போனான்.

வலைகள் மட்டும் மிச்சம்.
உரப்பையில் கட்டி வாசலில் வைத்திருக்கிறேன்.
இங்கே வண்டி வராது.
விடிந்ததும் நானே தோளில் சுமந்துபோய்
என் வண்டியில் ஏற்ற வேண்டும்.